கோமதிநாயகம் சரி சொல்லாத பதிப்பு

அன்றைக்குக் காலையில் போன் அடித்தபோது திரையில் ‘கோமதி அண்ணாச்சி’ என்று பெயர் வந்தது. நான் எடுக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம்தான் அவரோடு சண்டை போட்டுப் பாதியில் போனை வைத்திருந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. இரண்டாவது தடவை அடித்ததும் எடுத்து, “என்ன அண்ணாச்சி, இன்னும் அந்தக் கடைசிப் பக்கம்தானா?” என்றேன். மறுமுனையில் பேசியது அவர் மனைவி செண்பகம் மதினி. “தம்பி, அண்ணாச்சி போயிட்டாவ” என்றார்கள். கடை ஷட்டரைத் தூக்கக் குனிந்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களில் இரண்டு வகை உண்டு. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், அவருடைய பிரவுசிங் சென்டர் வாசலில் சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் வேலை விண்ணப்பத்துக்கும் வரிசையில் நின்றவர்கள் ஒரு வகை. அவர் முகத்தையே பார்க்காமல், ‘முழுநீளம்’ என்கிற எங்கள் ஆட்-ஆனைத் தங்கள் பிரவுசரில் வைத்திருப்பவர்கள் இன்னொரு வகை. இணையப் பக்கம் எவ்வளவு நீளமாக இருந்தாலும், பொத்தானை அழுத்தினால் மேலிருந்து கீழ்வரை ஒரே படமாகப் பிடித்துத் தருகிற சின்னக் கருவி அது. அதை எழுதியவன் தேவராஜ் என்கிற நான். அதை எழுதவைத்தவரும், திட்டித் திட்டித் திருத்தவைத்தவரும் கோமதிநாயகம் அண்ணாச்சி. துக்கத்தோடு எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த மனுஷனை நினைத்தாலே எனக்குப் பரபரப்புத்தான் வருகிறது. என்ன செய்ய, வந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று ஊருக்குத் திரும்பியிருந்தேன். ஏதோ ஒரு சான்றிதழுக்காக அவர் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாவின் விண்ணப்பம் திரையில் முடிவில்லாமல் நீண்டுகொண்டிருந்தது. அந்தத் தளத்தில் அச்சிடும் வசதி சரியாக வேலை செய்யாதாம். அண்ணாச்சி திரையைத் துண்டு துண்டாகப் படம் பிடித்து, ஏழு தாளில் அச்செடுத்து, கத்தரியால் ஓரம் வெட்டி, கோந்து போட்டு ஒட்டி, ஒட்டியதை மறுபடி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. “இதையெல்லாம் ஒரே படமா எடுத்துறலாம் அண்ணாச்சி, ஒரு சின்ன புரோகிராம் போதும்” என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “போதும்னா எடுத்துட்டு வாரும். வாயால கோந்து ஒட்டாது வே” என்றார்.

மூணாம் நாள் எடுத்துக்கொண்டு போனேன். அவர் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதே மாதிரி நீளமான பக்கம் ஒன்றைத் திறந்து பொத்தானை அழுத்தினோம். பக்கம் தானாகவே திடுக் திடுக் என்று கீழே இறங்கி, அடியைத் தொட்டு, ஒரே படமாக வந்து நின்றது. கடையில் நின்ற அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். அண்ணாச்சி கத்தரியை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டு மூடினார். பாராட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். படத்தை அச்செடுத்து, தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி, குத்தவைத்து உட்கார்ந்து, உள்ளங்கையால் மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே போனார். நாலாவது தாளில் கை நின்றது. “இங்கன ஒரு இழை விட்டுப்போச்சு” என்றார். குனிந்து பார்த்தேன். இரண்டு துண்டு சேருகிற இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு காணாமல் போயிருந்தது.

கடை போடுவதற்கு முன் அவர் விசைத்தறிச் சேலை வியாபாரி ஒருவரின் குடோனில் துணி சோதிக்கிற வேலையில் பல வருஷம் இருந்தவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். தறியிலிருந்து வருகிற சேலையை மேசையில் இழுத்து இழுத்துப் பார்த்து, இழை விட்ட இடம், கட்டம் தப்பின இடம், கறை பட்ட இடம் எல்லாவற்றுக்கும் சாக்குக்கட்டியால் குறி போடுவது அந்த வேலை. இணையப் பக்கத்தையும் அவர் அப்படித்தான் பார்த்தார். என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கவே மாட்டார், தடவித்தான் பார்ப்பார். எனக்கோ மகா கோபம் வரும். “என் கம்ப்யூட்டர்ல சரியாத்தான் வருது அண்ணாச்சி” என்பேன். அவர் குரலை உயர்த்தாமல் சொல்லுவார்: “அப்ப உம்ம கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வாரும். வரிசையில நிக்கவங்ககிட்ட காட்டுவோம்.”

ஒரு விஷயத்தை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். முழுநீளத்தை ஒழுங்கான பண்டமாக ஆக்கியது ராயகிரி முத்துமாரி. அரசு வேலை ஒன்றுக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டவர்களின் பட்டியல் இணையத்தில் வந்திருந்தது. இந்த மாதிரிப் பட்டியல் வந்தால் அதைப் படம் பிடித்து அச்செடுத்துக் கடைச் சுவரில் ஒட்டிவிடுவது அண்ணாச்சி வழக்கம். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கும் ஒட்டினார். மத்தியானம் போல எனக்குப் போன் வந்தது. “வே, பட்டியல்ல கட்டம் தப்பியிருக்கு.” அந்தப் பட்டியலில் ஒரு வரி வெள்ளை, ஒரு வரி நீலம் என்று மாறி மாறி வரும். ஓர் இடத்தில் வெள்ளைக்கு அடுத்து வெள்ளையே வருகிறது என்றார். சுவரில் அத்தனை பேர் பெயர் தேடியிருக்கிறார்கள், ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை. இவர் பேனா எடுக்கப் போகிற வாக்கில் கண்டுபிடித்துவிட்டார்.

நான் வழக்கம்போல என் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லும்போதே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அந்தத் தளத்தின் தலைப்புப் பட்டை, பக்கத்தை எவ்வளவு உருட்டினாலும் திரையின் மேலேயே நிற்கும். துண்டு துண்டாகப் படம் எடுக்கும்போது அந்தப் பட்டை ஒவ்வொரு துண்டிலும் வந்து அசிங்கமாக இருந்தது. போன பதிப்பில் அதை வெட்டி எறிந்துவிட்டு, பெரிய சாமர்த்தியம் என்று நானே என்னை மெச்சிக்கொண்டிருந்தேன். பட்டைக்கு அடியில் மறைந்து நின்ற வரியும் அதோடு சேர்ந்து போய்விட்டது. நாற்பத்தொன்றுக்கு அடுத்தது நாற்பத்து மூன்று. நடுவில் வெட்டுப்பட்டவள் முத்துமாரி. காலையில் வந்து, சுவரில் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவள். நேர்முகம் மறுநாள் காலை தென்காசியில்.

நான் கடைக்கு ஓடினேன். அண்ணாச்சி அவளுடைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்து, அதிலிருந்த கைபேசி எண்ணை அழுத்தினார். மேசை டிராயருக்குள்ளிருந்து மணி அடித்தது. சொந்தமாகப் போன் இல்லாதவர்களின் விண்ணப்பத்தில் தன் கடையின் இரண்டாவது போன் எண்ணைத்தான் அவர் போடுவார், ஓடிபி வருவதற்கு வசதியாக. தன் போனுக்குத் தானே போன் செய்துவிட்டு, டிராயரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படியொரு முழியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. “ஏறும் வண்டியில” என்றார். செண்பகம் மதினியைக் கடையில் உட்காரவைத்துவிட்டு, வேகாத வெயிலில் ராயகிரிக்குப் பறந்தோம். வழியெல்லாம் அவர் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு தடவை வண்டியை மெதுவாக்கிக் கேட்டார்: “ரெண்டு துணியத் தைக்கணும்னா ஓரத்தோட ஓரம் வச்சா வே தைப்பீரு? ஒரு விரக்கடை மேல ஏத்தித்தான தைக்கணும்?”

அந்த வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்தபடியே எனக்கு முழு வழியும் தெரிந்துவிட்டது. ஒரு திரை அளவுக்கு உருட்டாமல் கொஞ்சம் குறைவாக உருட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டும் முந்தின துண்டின் மேல் கொஞ்சம் ஏற வேண்டும். ஏறின இடத்தில் இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்து ஒட்ட வேண்டும். எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல இருந்தது, அன்றைக்கு அது கத்துகிற நேரம் இல்லை. முத்துமாரி பருத்திக் காட்டில் இருந்தாள். நாங்கள் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை மடியில் பருத்தியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பிறகு, “உங்க பேப்பரைப் பாத்துட்டு வந்து வீட்டுல ஒப்பாரி வச்சு முடிச்சிட்டேன். இப்ப வந்து பேரு இருக்குங்கீக. படிச்சவங்கதான நீங்க?” என்று கேட்டாள். அண்ணாச்சி தலையைக் குனிந்து, “தப்பு எங்க பக்கம்தான் தாயி. நாளைக்குக் காலையில நானே தென்காசிக்குப் பஸ் ஏத்திவிடுதேன்” என்றார். ஏற்றியும் விட்டார். அவளுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டபோது அண்ணாச்சி சொன்னார்: “கிடைக்காமப் போறது வேற, நாம வெட்டிப் போடுறது வேற.”

அன்றிலிருந்து எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். அவர் பார்த்து ‘சரி’ என்று சொல்லாமல் எந்தப் பதிப்பும் வெளியே போகாது. ஒரு நீளநோட்டில் அறுபது பக்கங்களின் முகவரியை எழுதி வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எப்படி மோசம் செய்யும் என்று ஒரு குறிப்பு: ‘பட்டை நகராது’, ‘படம் லேட்டா வரும்’, ‘பக்கத்துக்குள்ள இன்னொரு பக்கம் உருளும்’. புதிய பதிப்பு கொடுத்தால் அறுபதையும் பிடித்துத் தடவிப் பார்ப்பார். முடிக்க இரண்டு நாளும் ஆகும், இரண்டு வாரமும் ஆகும். நான் அவசரப்பட்டால், “சோறு வெந்துட்டான்னு சட்டிகிட்டயா கேப்பீரு?” என்பார். ஆடித்தபசு சமயத்தில் மட்டும் நோட்டைத் தொடவே மாட்டார். ஊர் கொள்ளாத கூட்டத்தில் நெட் படுத்துவிடும், பழி உம்ம புரோகிராம் மேல விழும் என்பார். அந்த ஒரு விஷயத்தில்தான் அவர் என் பக்கம் நின்றார்.

கருவி ஊரைத் தாண்டிப் போனதைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதலில் பக்கத்து ஊர் பிரவுசிங் சென்டர்கள் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டன. அப்புறம் புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் பார்க்கிற ஒருவர், மற்ற மார்க்கெட்டுகளின் விலைப் பக்கத்தைத் தினமும் விடியற்காலையில் பிடித்து நூறு பேருக்கு அனுப்ப ஆரம்பித்தார். அவர் அண்ணாச்சிக்கு ஒரு பை பழம் கொடுத்துவிட்டு, படத்தின் மூலையில் தேதியும் நேரமும் விழ வேண்டும் என்று கேட்டார். நேற்றைய படத்தை இன்றைக்கு அனுப்பி யாரோ அவரை ஏமாற்றிவிட்டார்களாம். இரண்டே நாளில் போட்டுக்கொடுத்தேன். ஒரு நாள் போர்த்துகீசிய மொழியில் ஒரு மெயில் வந்தது. மொழிபெயர்த்துப் பார்த்தால், எங்கோ ஒரு நாட்டில் ஒரு வக்கீல் அம்மா, வழக்குக்காக இணையப் பக்கங்களைச் சாட்சியமாகப் பிடித்து வைக்க முழுநீளத்தைப் பயன்படுத்துகிறாராம். எந்தக் கருவியிலும் ஏதாவது ஒரு வரி காணாமல் போகிறது, இதில் மட்டும் போவதில்லை என்று எழுதியிருந்தார். அண்ணாச்சி அந்த மெயிலை அச்செடுத்து டீக்கடை, மெடிக்கல், பக்கத்து டெய்லர் என்று எல்லோரிடமும் காட்டிவிட்டு வந்தார். அவர்களுக்கு ஓர் எழுத்து புரியாது. “புரியணும்னு காட்டல வே, பாக்கட்டும்னு காட்டினேன்” என்றார். அன்றைக்கு முழுக்க நாங்கள் இரண்டு பேரும் தரையில் கால் பாவாமல் திரிந்தோம்.

இந்த வருஷம்தான் இடி விழுந்தது. பிரவுசர் கம்பெனி, பழைய முறையில் எழுதப்பட்ட ஆட்-ஆன்கள் எல்லாம் குறிப்பிட்ட தேதிக்கு மேல் ஓடாது என்று அறிவித்துவிட்டது. புது முறையில் எழுதி, அந்தத் தேதிக்குள் புதுப்பிக்காவிட்டால் முழுநீளம் எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் அணைந்துபோகும். பதினொரு வருஷமாகக் கட்டின வீட்டைப் பிரித்து, வேறு அஸ்திவாரத்தில் மறுபடி கட்டுவது மாதிரி வேலை. ஆனால் பொய் சொல்ல மாட்டேன், அந்த ஐந்து மாதமும் எனக்குத் திருவிழாதான். ஒவ்வொரு பகுதி எழுந்து நடக்கும்போதும் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். கடைசியில் புதிய பதிப்பை அவர் கையில் கொடுத்தபோது, கெடு முடிய ஒரு மாதத்துக்கும் மேல் இருந்தது. என் வாழ்க்கையில் நான் எழுதினதிலேயே சுத்தமான வேலை அதுதான் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து அந்தப் போன். “கடைசிப் பக்கம் சரியில்ல வே” என்றார். எந்தத் தளம், என்ன ஆகிறது என்று கேட்டேன். “போன்ல சொல்லுத விஷயமில்ல. நேர்ல வாரும், சொல்லுதேன்.” பின்னால் கடையில் ஆட்கள் பேசுகிற சத்தம் கேட்டது. அறுபது பக்கத்தையும் நான் வீட்டில் பிடித்துப் பார்த்தாகிவிட்டது, ஒரு குறை இல்லை. எனக்குக் கோபம் ஏறிவிட்டது. “என் கம்ப்யூட்டர்ல சரியாத்தான் வருது. உங்களுக்குக் குறை சொல்லலைன்னா தூக்கம் வராதா?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். நான் அவரிடம் பேசின கடைசி வார்த்தை அதுதான். இதை மறைத்துவிட்டு இந்த அஞ்சலியை எழுதினால் அவர் சரி சொல்ல மாட்டார்.

காரியம் எல்லாம் முடியும்வரை நான் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. அதற்குள் கெடுவுக்குப் பன்னிரண்டு நாள்தான் மிச்சம். அவர் கண்ட குறை என்ன என்று தெரியாமல் வெளியிட எனக்கு மனசு வரவில்லை. வெளியிடாவிட்டால் முழுநீளமே இல்லை. மதினியிடம் நீளநோட்டைக் கேட்டு வாங்கினேன். புதிய பதிப்புக்கு எதிரே அறுபது பக்கத்துக்கும் சரிக்குறி போட்டிருந்தார். வேறு ஒரு வார்த்தை இல்லை. “அந்தக் கடைசி நாள் ஏதாவது சொன்னாங்களா மதினி?” என்று கேட்டேன். “ஒண்ணும் சொல்லல தம்பி. பிரிண்ட் எடுத்த பேப்பர் ஒண்ணைப் பாத்துட்டு மூஞ்சியே மாறிட்டு. அதைச் சுக்குநூறாக் கிழிச்சு, வாளித் தண்ணியில ஊறப்போட்டு, கையால பிசைஞ்சு எறிஞ்சாவ” என்றார்கள். அச்செடுத்ததை அவர் கிழித்து நான் பார்த்ததே இல்லை. பிழையான தாள்களைக் குறி போட்டுச் சேர்த்து வைப்பவர் அவர்.

ஏழு நாள் தேடினேன். தளம் தளமாக, வேகத்தைக் குறைத்து, எழுத்தைப் பெரிதாக்கி, திரையைச் சுருக்கி, எத்தனை விதமாகப் பிடித்தாலும் கடைசிப் பக்கம் கண்ணாடி மாதிரி சுத்தமாக வந்தது. ஒரு கட்டத்தில், மனுஷனுக்கு உடம்பு சரியில்லாமல் ஏதோ குழம்பியிருக்கிறார் என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இப்போது என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சில் ஆராதனை முடிந்து வரும்போது மதினி போன் செய்தார்கள். மறுநாள் கடையைத் திறக்கப் போகிறார்களாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்கிற நாள். அதற்குப் போகிறவர்கள் விடிந்ததும் வந்து நிற்பார்கள். “நான் பிரிண்டர் பாத்துக்கிடுதேன். அவங்க இடத்துல நீங்க ஒரு நாள் உக்காரணும் தம்பி” என்றார்கள். போனேன். பதினொரு வருஷத்தில் அந்தக் கடையில் நான் நின்றிருக்கிறேன், எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். அவர் நாற்காலியில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. அது எவ்வளவு பெரிய தப்பு என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. மேசைக்கு முன்னால் பதினைந்து பேர். ஒருவர் ஆதாரை நீட்டுகிறார், ஒருவர் போட்டோவை நீட்டுகிறார், ஓர் அம்மா பஸ் போய்விடும் என்று மேசையைத் தட்டுகிறார். கிடை ஆடு வைத்திருக்கிற பெரியவர் ஒருவர், “கோமதிநாயகம்னா இந்நேரம் அஞ்சு பேரை அனுப்பியிருப்பாவ. நீங்க என்ன, பொண்ணு பாக்க வந்தாப்புல உக்காந்திருக்கீக?” என்று கேட்டார்.

ரோஷம் வந்துவிட்டது. பஸ்ஸுக்கு அவசரப்பட்ட அம்மாவின் விண்ணப்பத்தில் முழுநீளத்தை அழுத்திவிட்டு, அது பிடித்து முடிப்பதற்குள் அடுத்தவருடைய பக்கத்தைத் திறந்து அவர் பெயரை அடிக்க ஆரம்பித்தேன். அச்செடுத்து வந்த தாளைப் பார்த்ததும் சட்டென்று மேசையில் கவிழ்த்துவைத்தேன். அந்த அம்மாவின் விண்ணப்பம் பாதிவரை ஒழுங்காக வந்து, கடைசிப் பக்கத்தில் அடுத்து நின்ற ஆளின் போட்டோவும் ஆதார் எண்ணும் வீட்டு முகவரியும் அப்பிக் கிடந்தன. பழைய பதிப்பில், பக்கம் மாறினால் படம் எடுப்பதை நிறுத்துகிற நாலு வரி இருந்தது. புதிதாக எழுதும்போது அந்த நாலு வரியை விட்டுவிட்டேன். வீட்டில் எனக்கு எப்படித் தெரியும்? அங்கே நான் பொத்தானை அழுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, அது இறங்குகிற அழகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வரிசையில் ஆள் நிற்கிற இடத்தில் எவன் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவான்? அவர் ஏன் போனில் சொல்லவில்லை, ஏன் கிழித்துத் தண்ணீரில் பிசைந்தார் என்பதெல்லாம் அந்த ஒரு தாளில் இருந்தது. ஒருத்தர் விவரம் இன்னொருத்தர் தாளில் வந்துவிட்டது என்பதை வரிசையில் நிற்பவர்கள் காதுபட எப்படிச் சொல்லுவார்? நானும் அதைக் கிழித்தேன். மதினி வாளியை என் பக்கம் நகர்த்திவைத்தார்கள்.

அன்றைக்கே, அந்த மேசையிலேயே, மத்தியானக் கூட்டம் குறைந்த நேரத்தில் எழுத ஆரம்பித்தேன். பக்கம் மாறினால் படம் எடுப்பது நிற்க வேண்டும். திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். நடுவில் வேறு ஒருவருடைய பக்கத்திலிருந்து ஒரு புள்ளிகூட வரக் கூடாது. எழுதும்போது எனக்கு வந்த வேகம் சென்னைக் கம்பெனியில் ஒரு நாளும் வந்ததில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு வேலை முடிந்தது. மதினி பக்கம் திரும்பி, “நீங்க பாத்துச் சரின்னு சொல்லுங்க மதினி” என்றேன். அவர்கள் பிரிண்டரிலிருந்து கையை எடுக்காமல், “என்கிட்ட எதுக்குக் கேக்கீங்க? அங்கன நிக்காவல்லா, அவங்ககிட்ட கேளுங்க” என்றார்கள்.

காலையில் என்னைக் கேலி செய்த ஆட்டுக்காரப் பெரியவர், மகளின் விண்ணப்பத்துக்கு ஏதோ ஒரு தாள் விட்டுப்போயிற்று என்று திரும்ப வந்திருந்தார். அவருடையதைப் பிடிக்க விட்டுவிட்டு, வேண்டுமென்றே வேறு பக்கத்துக்குப் போனேன். இன்னொருவர் வேலையைப் பார்த்தேன். திரும்பி வந்தேன். படம் முடிந்தது. அச்செடுத்து அவர் கையில் கொடுத்து, “ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி” என்றேன். தனக்கு வாசிக்கத் தெரியாது என்று அப்போதுதான் சொன்னார். இருந்தாலும் தாள்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “என் படம் இருக்கு. எம்மக படம் இருக்கு. வேற ஆள் படம் எதுவும் இல்ல” என்றார். பிறகு தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டு, “சரி” என்றார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே பதிப்பை அனுப்பினேன். கெடுவுக்கு முன்னால் ஒப்புதலும் வந்துவிட்டது. முழுநீளம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அண்ணாச்சியிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டால், நீளநோட்டு மதினியிடமே இருக்கிறது, அது அவர்களுக்கு உரியது. நான் எடுத்துக்கொண்டது அந்த நாற்காலியை. திங்கட்கிழமைதோறும் காலை ஏழு மணிக்குப் போய் அதில் உட்காருகிறேன். எனக்குக் கை வேகம் போதாது. வரிசையில் நிற்பவர்கள் முகத்துக்கு நேரே திட்டுகிறார்கள். அவர்கள் சொல்லுவதை ஒன்று விடாமல் எழுதிவைத்துக்கொள்கிறேன்.